ரெகுலரா, கரஸ்ஸா?

வேலைக்கான நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களைப் புரட்டுகிறவர் கேட்பார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை கேட்பார். “டிகிரியா? ரெகுலரா, கரஸ்ஸா?” சின்னக் கேள்விதான். ஆனால் பதில் சொல்கிறவரின் குரல் சற்று இறங்கிவிடும். “கரஸ்தான்” என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலேயே காரணத்தையும் சேர்த்துச் சொல்வார். அப்பா தவறிவிட்டார், தம்பியைப் படிக்க வைக்க வேண்டியிருந்தது, சீக்கிரம் கல்யாணமாகிவிட்டது, பக்கத்தில் காலேஜ் இல்லை. ரெகுலரில் படித்த யாரும், தாம் ஏன் ரெகுலரில் படித்தோம் என்று விளக்கம் சொல்வதில்லை.

இப்படி விளக்கம் சொல்ல வேண்டிய நிலையில் இருப்பவர்கள் கொஞ்சநஞ்சம் பேர் இல்லை. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ‘கரஸ்’ என்று ஊர் அழைக்கும் தொலைநிலைக் கல்வியில் இருந்தவர்கள் 45.71 லட்சம் பேர். அவர்களில் 20.9 லட்சம் பேர் பெண்கள். அந்த ஆண்டில் உயர்கல்வி படித்தவர்கள் மொத்தம் 4.14 கோடி. ஏறக்குறைய ஒன்பது பேரில் ஒருவர் வகுப்பறைக்கு வெளியே இருந்து பட்டம் படிக்கிறார் என்று கணக்காகிறது. இவ்வளவு பேர் நடக்கிற பாதையை அவர்களே ஏன் தயக்கத்தோடு சொல்கிறார்கள்? அந்தத் தயக்கத்துக்குள் என்ன இருக்கிறது?

முதலில், எல்லோருக்கும் ஒரே மனநிலை கிடையாது. பதவி உயர்வுக்கு ஒரு டிகிரி தேவைப்படும் போலீஸ் ஏட்டுக்குத் தொலைநிலைக் கல்வி ஒரு வசதி. அவர் அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பிளஸ் டூ முடித்த கையோடு, மார்க் போதாமலோ பணம் போதாமலோ இதில் சேர்ந்த பதினெட்டு வயதுப் பையனுக்கு அப்படி இல்லை. கூடப் படித்தவர்கள் காலேஜ் பஸ்ஸில் ஏறிப் போகும்போது அவன் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நிற்கிறான். பாடப் புத்தகம் வீட்டில் இருக்கிறது. ஆனால் தான் ஒரு காலேஜ் மாணவன் என்ற நினைப்பு அவனுக்கு வருவதே இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு பி.ஏ. சேரும் பெண்ணுக்கோ, விட்ட இடத்தில் மறுபடி கால் வைக்கும் மகிழ்ச்சி. டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுத ஏதாவது ஒரு டிகிரி வேண்டும் என்பதற்காகச் சேர்ந்தவருக்குப் பாடம் எது என்பதே இரண்டாம் பட்சம். பல்கலைக்கழகமும் பாடமும் ஒன்றாக இருந்தாலும், படிக்கிறவர்களின் மனம் இத்தனை விதமாக இருக்கிறது. ‘தொலைநிலைக் கல்வி குறித்து உங்களுக்குத் திருப்தியா?’ என்று இவர்கள் எல்லோரையும் ஒரே தாளில் டிக் அடிக்கச் சொல்லி, வந்த விடைகளுக்குச் சராசரி எடுத்தால், கிடைக்கும் எண் இவர்களில் யாருடைய மனதையும் சொல்லாது.

தமிழ்நாட்டுக்கு இது புதிய விஷயமும் இல்லை. இந்தியாவில் டில்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கி வைத்தது. மதுரையில் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1979-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1981-இலும் அஞ்சல் வழிக் கல்வி வந்துவிட்டது. அதற்கு முன்பு வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைத்தவருக்கு, மாலைக் கல்லூரி உள்ள நகரத்தில் வசிப்பதைத் தவிர வேறு வழி குறைவு. தபால்காரர் கொண்டுவந்த பாடக் கட்டுகளைப் படித்துப் பட்டம் வாங்கிய ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களும், வங்கி எழுத்தர்களும், தாலுகா அலுவலக ஊழியர்களும் ஒரு முழுத் தலைமுறையாக இந்த மாநிலத்தில் உருவானார்கள். ஆசிரியர்கள் பலர் பி.ஏ., எம்.ஏ., பி.எட். என்று அடுக்கடுக்காகப் படித்ததற்கு, உயர்கல்விக்குக் கிடைத்த ஊக்க ஊதிய உயர்வும் ஒரு காரணம். 2020 மார்ச்சில் தமிழக அரசு அந்த ஊக்க ஊதிய உயர்வை ரத்து செய்தபோது, படிப்புக்குப் பின்னால் இருந்த ஒரு வலுவான தூண்டுதல் போய்விட்டது. படிப்பின் மேல் மாணவருக்கு இருக்கும் மனப்பான்மை அவர் மனதுக்குள் மட்டும் உருவாவதில்லை. அரசாணைகளும் அதை உருவாக்குகின்றன, குலைக்கவும் செய்கின்றன.

தயக்கத்துக்கும் இதே போன்ற காரணம் உண்டு. ஊர்ப் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டமே பலமுறை இந்த மாணவர்களுக்குக் கை விரித்திருக்கிறது. அடிப்படைப் பட்டம் இல்லாமல், திறந்தநிலை முறையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அதற்குப் பின் பட்டம் என்ற வரிசையில் படித்தவர்களின் பட்டத்தை மட்டுமே அரசுப் பணிக்கு ஏற்போம் என்று தமிழக அரசு ஆணையிட்டது. பள்ளிப் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களுக்கும் கதவைத் திறப்பதுதான் திறந்தநிலைக் கல்வியின் ஆதார எண்ணம். அந்தக் கதவு வழியாக நம்பி உள்ளே வந்தவர்கள், வெளியே போகும் வாசல் பூட்டியிருப்பதைப் படித்து முடித்த பிறகுதான் தெரிந்துகொண்டார்கள்.

2017 நவம்பரில் வந்த இன்னொரு தீர்ப்பு பொறியியல் பட்டதாரிகளை உலுக்கியது. உரிய அனுமதி இல்லாமல் நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலை முறையில் கொடுத்த பொறியியல் பட்டங்களைப் பற்றிய வழக்கு அது. அவற்றில் ஒன்று சேலத்தைச் சேர்ந்தது. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்கள் ஒரு தேர்வு எழுதித் தேறினால் பட்டத்தைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்து என்றது நீதிமன்றம். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் பட்டத்தை வைத்து வேலை பார்த்துப் பதவி உயர்வும் பெற்றுவிட்ட ஒருவர், நடுத்தர வயதில் மறுபடி பரீட்சை ஹாலுக்குப் போக வேண்டியதாயிற்று. 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் தனது அங்கீகாரம் இருந்தது என்று அறிவித்து, அவற்றில் சேர வேண்டாம் என மாணவர்களை எச்சரித்தது. இந்தச் செய்திகளை அடுத்தடுத்து நாளிதழில் படித்த வீட்டில், “கரஸ்ல சேரட்டுமா?” என்று பிள்ளை கேட்டால் அப்பா யோசிக்கத்தானே செய்வார்?

இத்தனைக்கும், சட்டத்தின் இன்றைய நிலை மாணவருக்குச் சாதகமானது. 2020-இல் வந்த யுஜிசி விதிமுறைகளின்படி, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ பெற்ற பட்டம், ரெகுலர் பட்டத்துக்குச் சமமானது. 2022 செப்டம்பரில் யுஜிசி இதைத் தனி அறிவிப்பாகவே மறுபடி வெளியிட்டது. ஒரு விதியை இரண்டாம் முறை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அந்தச் சமத்துவம் ஊருக்குள் இன்னும் போய்ச் சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

தமிழக அரசின் பார்வையிலும் அது முழுமையாக வரவில்லை. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் உயர்கல்வி பயில மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மிக நல்ல திட்டம். ஆனால் தொலைதூரக் கல்வி பயிலும் மாணவிகளுக்கு அது பொருந்தாது. கல்லூரிக்குப் போக முடியாத அளவுக்கு வீட்டுச் சுமை இருக்கும் பெண்தான் பெரும்பாலும் தொலைநிலையில் சேர்கிறாள். உதவித்தொகை மிக அவசியமாக இருப்பதும் அவளுக்குத்தான். இந்த விலக்கை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

வியப்பான இன்னொரு விஷயம் உண்டு. தொலைநிலைப் பட்டத்தைக் குறைவாக நினைப்பவர்கள்கூட, தொலைநிலைப் பாடப் புத்தகங்களைக் குறைவாக நினைப்பதில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-இல் சட்டம் மூலம் உருவாகி, 1987-இல் இரண்டே இரண்டு டிப்ளமோ படிப்புகளோடும் 4,528 மாணவர்களோடும் வகுப்புகளைத் தொடங்கியது. இக்னோ என்று எல்லோரும் அழைக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாறு, அரசியல், பொது நிர்வாகப் பாடநூல்கள் இன்று சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிப்பவர்களின் மேஜையில் தவறாமல் இருக்கின்றன. இ-ஞான்கோஷ் என்ற இணையக் களஞ்சியத்தில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. டில்லியிலும் சென்னை அண்ணா நகரிலும் கோச்சிங் சென்டர்களுக்குப் பக்கத்திலுள்ள ஜெராக்ஸ் கடைகளில் அவற்றைப் பிரதியெடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிப் போகிறார்கள். ரெகுலர் கல்லூரியில் படித்த மாணவரும் வாங்குகிறார். பாடத்தின் தரம் இவ்வளவு மதிக்கப்படுகிறது என்றால், மாணவரின் மனக்குறை வேறு எங்கிருந்து வருகிறது?

அதற்கான விடை அசைன்மென்ட் தாளில் இருக்கிறது.

இக்னோவின் பெரும்பாலான படிப்புகளில் மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்ட்டுக்கு, 70 சதவீதம் பருவத் தேர்வுக்கு. மற்றப் பல்கலைக்கழகங்களிலும் இந்த ஏற்பாடு ஏதோ ஒரு விதத்தில் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது மார்க் வாங்க ஒரு சுலபமான வழி. ஆனால் இந்தக் கல்விமுறையை வடிவமைத்தவர்கள் அதற்குக் கொடுத்த இடம் வேறு. வகுப்பறையில் மாணவர் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கலாம்; ஆசிரியர் முகத்தைப் பார்த்தே யாருக்குப் புரியவில்லை என்று கண்டுகொள்வார். தொலைநிலையில் அந்த இரண்டும் நடக்கக்கூடிய முக்கியமான இடம் அசைன்மென்ட்தான். மாணவர் தமக்குப் புரிந்ததை எழுதி அனுப்புவார். திருத்துகிறவர் ஓரத்தில் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். ‘இந்த இடத்தில் குழப்பிக்கொண்டாய், மூன்றாம் அலகை மறுபடி படி’ என்ற ஒரு வரி போதும், தம் எழுத்தை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார் என்று மாணவருக்குத் தெரிந்துவிடும்.

ஸ்வீடனைச் சேர்ந்த கல்வியாளர் போர்ஜே ஹோல்ம்பெரி, அச்சிட்ட பாடம்கூட மாணவரோடு உரையாடுவது போல இருக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் வலியுறுத்தினார். அமெரிக்காவில் மைக்கேல் மூர் இன்னும் ஒரு படி மேலே போனார். தொலைநிலைக் கல்வியில் இருக்கும் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது. ஆசிரியருக்கும் மாணவருக்கும் நடுவே எவ்வளவு பேச்சு நடக்கிறது, பாடத்தின் அமைப்பு எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தத் தூரம் கூடும், குறையும் என்றார். முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில் கடைசி பெஞ்சில் இருப்பவரும் இந்தக் கணக்கில் மிகத் தொலைவில் இருக்கலாம். ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு தம் அசைன்மென்ட்டுக்கு நாலு வரி பதில் வாங்குகிறவர் அவரைவிட அருகில் இருக்கலாம்.

நம் ஊரில் அசைன்மென்ட் எப்படி நடக்கிறது? விடை எழுதிய அசைன்மென்ட்டுகள் வெளிப்படையாகவே விலைக்குக் கிடைக்கின்றன. கையால் எழுதித் தரவும் ஆள் உண்டு. மாணவர்கள் சோம்பேறிகள் என்று இதைச் சொல்லி முடித்துவிடுவது சுலபம். ஆனால் ராத்திரி கண் விழித்து எழுதிய முதல் அசைன்மென்ட், ஒரு மார்க்கும் ஒரு டிக்கும் மட்டும் போட்டுத் திரும்பி வந்தால், அல்லது திரும்பியே வராமல் போனால், இரண்டாவதை யாருக்காக எழுதுவது என்று எவருக்கும் தோன்றும். ஒரு பதிலும் இல்லாத இடத்துக்கு யாரும் தொடர்ந்து கடிதம் எழுத மாட்டார்கள். விலைக்கு வாங்கும் பழக்கம் அந்த வெறுமையிலிருந்துதான் முளைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் வகுப்புகளுக்குப் பஸ் பிடித்து வருகிறவர்களை நினைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். வாரத்தில் கிடைக்கும் ஒரே விடுமுறை நாளை அவர்கள் கொடுக்கிறார்கள். அங்கே ஆசிரியர் வந்து பாடம் நடத்தினால் மறுவாரமும் வருவார்கள். ‘முக்கியக் கேள்விகள்’ பட்டியலை வாசித்துவிட்டு மதியத்தோடு அனுப்பினால், அடுத்த முறை பஸ் ஏற மனம் வராது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத் தொடக்கத்திலேயே புரிந்துகொண்டது. 1963-இல் ஹரால்டு வில்சன் ‘வானலைப் பல்கலைக்கழகம்’ என்று முன்வைத்த யோசனையை, அமைச்சர் ஜென்னி லீ விடாப்பிடியாக நின்று செயல்படுத்தினார். 1969-இல் அது முறைப்படி தொடங்கியது. 1971 ஜனவரியில் சுமார் 25,000 மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். சேர்வதற்கு முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பிபிசி தொலைக்காட்சியில் வந்த அதன் பாடங்கள்தான் ஊரெல்லாம் பேசப்பட்டன. ஆனால் அந்த ஏற்பாட்டின் உயிர், சிறு குழுவான மாணவர்களுக்கு ஒரு பயிற்றுநர் என்ற முறையில் இருந்தது. அவர்தான் அசைன்மென்ட்டைப் படித்து, விரிவாகக் குறிப்பு எழுதி அனுப்புவார். கோடைக்காலத்தில் மாணவர்கள் ஒரு வாரம் ஏதாவது ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் கூடித் தங்கிப் படிப்பதும் உண்டு. இந்த மாதிரியைப் பார்த்துத்தான் 1980-இல் இலங்கையிலும், 1982-இல் ஹைதராபாத்திலும், 2002-இல் சென்னையிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் வந்தன. பிரிட்டனில் தேசிய அளவில் நடக்கும் மாணவர் திருப்தி ஆய்வில் 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அந்தத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலிடம் பிடித்தது. பழம்பெரும் பல்கலைக்கழகங்கள் பல அதற்குப் பின்னால் நின்றன.

ஆனாலும் அந்த முதலிடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஆய்வு இறுதியாண்டு மாணவர்களிடம் நடத்தப்படுவது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இறுதிவரை வந்து சேர்பவர்களைவிட நடுவழியில் நின்றுபோகிறவர்கள் அதிகம். அங்கேயே பல ஆண்டுகள் பணியாற்றிய ஓர்மண்ட் சிம்சன் இதை வெளிப்படையாக எழுதி, நாம் மாணவர்களைக் கைவிடுகிறோமா என்று கேட்டார். மனப்பான்மை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் இந்த ஓட்டை இருக்கிறது. தேர்வு மையத்திலோ பட்டமளிப்பு விழாவிலோ வினாத்தாள் கொடுத்தால், நிலைத்து நின்றவர்கள் மட்டுமே விடை எழுதுவார்கள். இரண்டாம் ஆண்டில் பணம் கட்டாமல் நின்றுபோன அந்த மெடிக்கல் ஷாப் பையனிடம் யாரும் தாளை நீட்டுவதில்லை. தொலைநிலைக் கல்வியைப் பற்றி நாம் கட்டாயம் கேட்க வேண்டிய கருத்து அவனுடையது.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது, நாடு முழுவதும் எல்லா மாணவரும் ஒரே இரவில் தொலைநிலை மாணவராகிவிட்டார்கள் என்று பலர் எழுதினார்கள். அது சரியில்லை. அப்போது நடந்தது அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. திட்டமிட்ட தொலைநிலைக் கல்வியோடு அதைக் குழப்பக் கூடாது என்று அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் அந்த மாதமே எழுதினார்கள். வகுப்பறைக்காகத் தயாரித்த பாடத்தை அப்படியே செல்போன் திரைக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அதற்கு வேண்டிய வசதியும் வீடுகளில் இல்லை. 2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி இணைய வசதி இருந்த குடும்பங்கள் நகரங்களில் 42 சதவீதம், கிராமங்களில் ஏறக்குறைய 15 சதவீதம் மட்டுமே. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினமும் 2 ஜிபி டேட்டாவைத் தமிழக அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. டேட்டா வந்தது. ஆனால் அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் வீட்டில் போன் ஒன்றுதான் என்ற சிக்கல் அப்படியே நின்றது. அந்த நாட்களில் ஆன்லைன் படிப்பின் மேல் மாணவர்களுக்கு வந்த கசப்பை, தொலைநிலைக் கல்வியின் மேல் வைத்த தீர்ப்பாக எடுத்துக்கொள்வது நியாயமில்லை. அந்தக் கசப்பில் ஒரு சேதி மட்டும் பொதுவானது. கேமராவை அணைத்துவிட்டுத் தன் பெயர் மட்டும் தெரியும் கறுப்புக் கட்டமாக உட்கார்ந்திருந்த மாணவருக்கும், குறிப்பில்லாமல் திரும்பிய அசைன்மென்ட்டைக் கையில் வைத்திருக்கும் கரஸ் மாணவருக்கும் ஒரே குறைதான். எதிர்ப்பக்கம் யாருமே இல்லை.

இணையவழிப் பெருவகுப்புகளின் கதையும் இதையே காட்டுகிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் சேர்ந்து 2012-இல் எட்எக்ஸ் தளத்தைத் தொடங்கியபோது, உலகின் மிகச் சிறந்த ஆசிரியர்கள் இனி எல்லோருக்கும் இலவசம் என்ற உற்சாகம் பொங்கியது. அந்த இரு நிறுவனங்களின் பாடங்களில் 2017-18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 3.13 சதவீதம் என்று 2019-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் 46 சதவீதம். ஏதோ ஒரு வகையில் தம்மைப் பிணைத்துக்கொண்டவர்கள்தான் கரை சேர்ந்தார்கள். இதற்கு முன்பே, 2017-இல், அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகம் ஒன்றை வைத்து நடந்த ஆய்வு, ஒரே பாடத்தை நேரில் படித்தவர்களைவிட ஆன்லைனில் படித்தவர்கள் குறைந்த மதிப்பெண் பெற்றதைக் கண்டது. சராசரியைவிட முக்கியமான முடிவு இன்னொன்று: ஏற்கெனவே படிப்பில் பின்தங்கி இருந்தவர்களுக்குத்தான் சரிவு அதிகம். கைபிடித்துக் கூட்டிப் போக வேண்டியவரைத் தனியே நடக்க விட்டால் என்ன ஆகும் என்பதை அந்தக் கணக்கு காட்டுகிறது.

தனியே நடந்து சாதித்தவர்களும் உண்டு. நெல்சன் மண்டேலா சிறையிலிருந்தபடியே தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பில் சட்டப் பட்டத்தை 1989-இல் முடித்தார். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்து, 2022 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட பேரறிவாளன், சிறைக்குள்ளேயே பிளஸ் டூ எழுதித் தேறி, இக்னோ வழியாக பிசிஏ, எம்சிஏ படித்தார். சிறைக்குள் இருப்பவருக்கு உலகத்தோடு பேசக் கிடைத்த ஒரு வழி அந்தப் பாடப் புத்தகம். இவர்களைக் கண்டு வியக்கலாம். ஆனால் இவர்களை உதாரணம் காட்டி, “மனசு இருந்தா முடியும்” என்று பனியன் கம்பெனியில் பத்து மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்ணிடம் சொல்வது கொடுமை. மன உறுதியை மாணவரிடம் எதிர்பார்க்கிற நிறுவனம், அதற்கு ஈடான உழைப்பைத் தானும் தர வேண்டும்.

அந்த உழைப்பு எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் 2020 ஜூனில் ஆன்லைன் பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்கியது. ஜேஇஇ எழுதத் தேவையில்லை. நான்கு வாரம் பாடம் படித்து, வாராவாரம் அசைன்மென்ட் செய்து, அதன் பிறகு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். பாடம் வீட்டில்; தேர்வு மட்டும் நேரில், மையத்துக்குப் போய் எழுத வேண்டும். வழியில் நிறுத்த நேர்ந்தாலும், அதுவரை முடித்ததற்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கையில் கிடைக்கும். ரெகுலராக வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதிலும் சேர்ந்தவர்கள் நிறைய. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022 ஏப்ரலில் யுஜிசி அனுமதித்தது அவர்களுக்கு வசதியானது. இந்தப் படிப்பில் இருப்பவரிடம் “ரெகுலரா, ஆன்லைனா?” என்று கேட்டால் குரல் இறங்குவதில்லை.

ஐஐடி என்ற பெயர்தான் காரணம் என்று சொல்லலாம். பெயருக்குப் பங்கு உண்டு. ஆனால் அங்கே மாணவர்களை ஒருவரோடொருவர் சேர்க்கும் ஏற்பாட்டையும் கவனிக்க வேண்டும். ஒருவரையொருவர் பார்த்தறியாத அந்த மாணவர்கள் பல குழுக்களாக, ‘ஹவுஸ்’களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறார்கள். பிச்சாவரம், நீலகிரி, வயநாடு, காசிரங்கா என்று இந்தியாவின் காடுகளின் பெயர்கள் அவற்றுக்கு. ஆண்டுக்கொரு முறை சென்னை வளாகத்தில் திருவிழா நடக்கிறது. திரையில் பெயராக மட்டும் தெரிந்தவர்கள் ரயிலேறி வந்து அங்கே நேரில் சந்தித்துக்கொள்கிறார்கள். படிப்புக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ‘நானும் ஒரு காலேஜ் மாணவன்’ என்ற நினைப்பு அங்கேதான் வருகிறது. கரஸ்ஸில் சேர்ந்த பதினெட்டு வயதுக்காரருக்குப் பாடத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவது இந்த நினைப்பு. இதை ஏற்படுத்த ஐஐடியின் பணம் தேவையில்லை. ஒவ்வொரு ஸ்டடி சென்டரும் தன் மாணவர்களைப் பத்துப் பத்துப் பேராகச் சேர்த்து, ஒரு பயிற்றுநரின் பொறுப்பில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்தால்கூடப் பாதி வேலை முடிந்துவிடும். சில இடங்களில் மாணவர்கள் தாங்களாகவே அப்படிக் குழு வைத்துக்கொண்டு ஹால் டிக்கெட் சந்தேகம் முதல் பாடச் சந்தேகம் வரை தீர்த்துக்கொள்கிறார்கள். ஒருவரையொருவர் தேடிப்பிடிக்கும் வேலையை அவர்கள் தலையிலேயே விட்டுவிடுவது சரியில்லை.

சேர நினைக்கிறவர்களுக்கு இன்றைய நிலவரம் இது. நிறுவனத்துக்கும் குறிப்பிட்ட படிப்புக்கும் அந்தக் கல்வியாண்டில் அங்கீகாரம் இருக்கிறதா என்பதை யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். ஏஜென்ட் சொல்லை நம்ப வேண்டியதில்லை. 2024 சேர்க்கையிலிருந்து, மாணவர் அந்தத் தளத்தில் தாமே பதிவு செய்து ஓர் அடையாள எண் வாங்குவது கட்டாயமாகியிருக்கிறது. அங்கீகாரம் இல்லாத படிப்பில் ஏமாந்து சேர்வதை அது பெருமளவு தடுக்கும். பொறியியல், மருத்துவம், நர்சிங், பார்மசி போன்ற படிப்புகளைத் தொலைநிலையில் நடத்த அனுமதி கிடையாது; யாராவது நடத்துவதாகச் சொன்னால் பணம் கட்டக் கூடாது.

இவை பட்டம் செல்லுமா என்பதற்கான கேள்விகள். படிப்பை முடிப்போமா என்பதற்கு வேறு சில கேள்விகளை ஸ்டடி சென்டரில் கேட்க வேண்டும். அசைன்மென்ட் குறிப்போடு திரும்பி வருமா, எத்தனை நாளில்? கான்டாக்ட் வகுப்பை யார் எடுக்கிறார்கள், அது எந்த ஊரில், அங்கே போக அந்தக் கிழமையில் பஸ் இருக்கிறதா? சந்தேகம் வந்தால் எந்த எண்ணில் யாரைக் கூப்பிடுவது? மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே படிப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலான இடங்களில் இப்போது பதில் கிடைக்காது. எத்தனை லட்சம் பேர் தங்களிடம் படிக்கிறார்கள் என்று விளம்பரத்தில் போடும் பல்கலைக்கழகங்கள், அவர்களில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேர் எந்தப் பருவத்தில் நின்றார்கள் என்பதையும் அதே பக்கத்தில், படிப்புவாரியாக, ஆண்டுதோறும் அச்சிட வேண்டும் என்று யுஜிசி விதி செய்யலாம். நின்றுபோனவர்களுக்கு ஒரு போன் போட்டு ஏன் நின்றார்கள் என்று கேட்பதையும் அந்த விதியிலேயே சேர்க்கலாம். அவர்களின் முகவரியும் போன் நம்பரும் சேர்க்கைப் படிவத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.